வல்லாரையும் ஆறு சுண்டெலிகளும்

"மிஸ், மிஞ்சின வல்லாரை இருந்தால் இன்னொரு பை தாங்கோ" என்று சவிரியண்ணை கேட்டார். எங்கள் ஆய்வுகூடத்தில் எலிக்கூடுகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருவார். போன இரண்டு கிழமையும் வாரத்துக்கு ஒரு பை கொண்டுபோயிருந்தார். சம்பலுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

"இவ்வளவு சம்பலை ஆர் அண்ணை தின்னுறது?"

"சம்பலுக்கில்லை மிஸ். ரீற்றாவுக்குச் சாறு பிழிஞ்சு குடுக்கிறன். கிளினிக் குளிசையை நிப்பாட்டிப்போட்டன். இன்னும் குணம் பிடிக்கேல்லை, கூடக் குடுத்துப் பாப்பம்."

ரீற்றாக்கா அவருடைய மனைவி. மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாகக் குளிசை எடுத்து, அப்போதுதான் எழும்பிச் சமைக்கத் தொடங்கியிருந்தார்.

பிழை என்னுடையது. மூலிகையை எலியில் சோதிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். உலர்த்திய வல்லாரையை எதனோலில் ஊறவைத்து வடித்த எக்ஸ்ட்ராக்டைச் சுண்டெலிக்குப் பருக்கி, அதைக் கண்ணாடிச் சாடித் தண்ணீரில் ஆறு நிமிடம் விடுவோம். கடைசி நாலு நிமிடத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்று ஸ்டொப்வொச்சில் பார்ப்போம். விடாமல் நீந்தினால் மனச்சோர்வுக்கு அந்த மருந்தில் ஏதோ இருக்கலாம் என்று கொள்வோம். முதல் சுற்றில் எங்கள் ஆறு எலிகளும், ஒப்பிட்டுப் பார்க்க மனச்சோர்வுக் குளிசை கொடுத்த எலிகளையே முந்திவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேத்தண்ணி நேரத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "எங்கடை வல்லாரை குளிசையை வெண்டிட்டுது!" இத்தனை வருட அனுபவக்காரி சொன்னால் சவிரியண்ணை நம்பாமல் என்ன செய்வார்?

அன்று பின்னேரமே அவருடன் வீட்டுக்குப் போனேன். ரீற்றாக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

"அக்கா, வல்லாரை நல்ல இலைதான். ஆனால் உங்கடை குளிசைக்குப் பதிலாக் குடுக்கலாம் எண்டு நாங்கள் காணேல்லை. எலியிலைதான் பார்த்தனாங்கள். நான்தான் வாய் காவாமல் கதைச்சுப்போட்டன்."

அவர் திரும்பாமலே கேட்டார்: "அந்த எலியளுக்கு என்ன கவலை, பிள்ளை?"

"ஒரு கவலையுமில்லை அக்கா. சும்மா இருந்ததுகளை நாங்கள்தான் தண்ணிக்குள்ளை விட்டது."

"அப்ப அதுகள் நீந்துந்தானே. எனக்கு நீந்தவே மனம் வருகுதில்லை."

இத்தனை வருடமும் நான் ஸ்டொப்வொச்சில் பிடித்தது இந்த மனம் வராமையை அல்ல.

அடுத்த நாள் காலை கிளினிக்குக்கு நானும் கூடப் போய் டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. குளிசையைத் திரும்பத் தொடங்கினார். அந்த நாட்களில் சவிரியண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஒரு சொல் கூடக் குறையாகச் சொல்லவில்லை.

வல்லாரை வேலையை நாங்கள் விடவில்லை. அதில் விஷயம் இருக்கிறது என்றே இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஆய்வுகூடத்தில் கதைக்கிற கதையை யாரோ நம்பிக்கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நல்ல பெறுபேறு வந்தால் சந்தோஷப்படுங்கள், தேத்தண்ணியும் குடியுங்கள். வாயைத் திறந்தால் 'எலியில்' என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டதற்கு ரீற்றாக்கா ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்தார்.