வந்து திரும்பியவர்கள்

அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே ஒரு சாலைதான். தங்கை தன் வீட்டு மாடி ஜன்னலில் நின்றால், எதிர்ச்சாரியில் அக்கா துணி உலர்த்துவது தெரியும். எந்தத் துண்டு சாயம் போயிருக்கிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் அந்த அக்கா தங்கை வீட்டுப் படியேறி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சண்டையா என்றால் சண்டையும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. சாலையை அகலப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

இரண்டு தடமாக இருந்ததை ஆறு தடமாக்கினார்கள். நடுவில் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினார்கள். நடக்கிறவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே, போனால் போகிறது என்று, நெடுந்தூரம் தள்ளி ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். ஏற அறுபத்துநாலு படி, இறங்க அறுபத்துநாலு படி. அதற்குப் படம் வரைந்த புண்ணியவானுக்கு முட்டி என்று ஒன்று இருந்ததா என்று தெரியவில்லை. அக்காவுக்கு இருந்தது. இரண்டும் தேய்ந்திருந்தன.

வண்டி பிடித்து வரலாமே என்றால், வண்டி திரும்பும் இடம் பாலத்தையும் தாண்டி இருந்தது.

"எதிர்வீட்டுக்கு வர்றதுக்கு வண்டி வெச்சுக்கிட்டு வரணுமாடி? பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?" என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். வீம்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மாதம் ஒருமுறை தங்கைதான் மூச்சிரைக்கப் பாலம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மற்ற நாளெல்லாம் போன். இரண்டு பேரும் அவரவர் ஜன்னலில் நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடியே போனில் பேசுவார்கள். இதைப் பார்த்துத் தங்கையின் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இருந்தாலும், நாம் போய்ப் பார்ப்பது வேறு, அக்கா நம் வீட்டுக்கு வருவது வேறு. முன்பெல்லாம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள். வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்கும். அடுத்த நிமிஷம் அடுப்படியில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னடி இது, ஒரே தண்ணியா இருக்கு" என்பாள். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்த ஏச்சுக்குத்தான் மனசு ஏங்கிக் கிடந்தது. அடுப்படியை இடித்துக் கட்டியே ஏழு வருஷம் ஆகிறது. அக்கா அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

தங்கைக்கு நகரசபையின் சாலைப் பிரிவில் வேலை. அங்கே அவளை எல்லோரும் எண்ணம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சாலையோரம் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, உள்ளங்கையில் அடங்கும் எண்ணும் கருவி. ஒரு தட்டுக்கு ஓர் எண் ஏறும். எத்தனை கார், எத்தனை பஸ், எத்தனை சைக்கிள், எத்தனை பேர் நடந்து கடந்தார்கள் என்று மணிக்கொரு முறை படிவத்தில் எழுத வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவள் எண்ணிக்கையில் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் நகரசபைக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. உட்கார்ந்து உட்கார்ந்தே பாதிப் பேருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்துவிட்டதென்று சுகாதாரப் பிரிவு அறிக்கை கொடுக்க, இனி நடக்கிறவர்தான் முதலில், அடுத்துச் சைக்கிள், அதற்கப்புறம்தான் கார் என்று கொள்கை எழுதினார்கள். மக்கள் அதிகமாகச் சாலையைக் கடக்கும் இடத்திலெல்லாம் சுவரை உடைத்து, தரையோடு தரையாகக் கடக்கும் பாதையும் விளக்கும் வைப்பதாக முடிவு. எங்கே அதிகம் என்று சொல்ல வேண்டியது எண்ணம்மா.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே மூன்று நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளில் கடந்தது பதினோரு பேர். எல்லாம் சுவரேறிக் குதித்த இளவட்டங்கள். சொந்த அக்காவுக்காகக்கூடப் பொய் எண் எழுத அவளுக்குக் கை வரவில்லை. பதினொன்று என்றே எழுதினாள். 'தேவை இல்லை' என்று முத்திரை குத்தித் தாள் திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இந்த வருஷம் மறு கணக்கெடுப்பு. மறுபடி அதே இடம், அதே நாற்காலி. முதல் நாள் நாலு பேர். இரண்டாம் நாள் மத்தியானம், எதிர்ப்பக்கம் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். இந்தப் பக்கம் இருக்கும் மருந்துக்கடையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போனார். பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து, நின்று, திரும்பினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் வந்தார்கள், திரும்பினார்கள். எண்ணம்மாவின் விரல் அசையவில்லை. சாலையில் கால் வைத்தால்தான் ஒரு தட்டு. அதுதான் விதி.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. நாலு வருஷத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது, அக்கா ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு எதிரே இறங்கி வந்தாள். ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். தங்கை கையசைத்தாள். அக்காவும் அசைத்துவிட்டுப் பாத்திரத்தோடு திரும்பிப் போனாள். கருவியில் ஓர் எண்கூட ஏறவில்லை.

"ஐயோ, அக்காவை நான் எண்ணவே இல்லையே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அலுவலகத்துக்கு ஓடி இன்னொரு கருவியை வாங்கி வந்தாள். வலது கையில் கடந்தவர்கள், இடது கையில் ஓரம் வரை வந்து திரும்பியவர்கள். ஏற்கெனவே தவறவிட்டதற்குப் பரிகாரமாக மேலும் இரண்டு நாள் விடுப்பு போட்டு உட்கார்ந்தாள். கடந்தவர்கள் ஒன்பது. திரும்பியவர்கள் நானூற்று முப்பத்திரண்டு. படிவத்தின் ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, புதுக் கட்டம் ஒன்று திறந்து எழுதினாள்.

பொறியாளர் அம்மா படிவத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன எண்ணம்மா, படிவத்துல இப்படி ஒரு கட்டமே கிடையாதே?"

"கிடையாது மேடம். அதான் நானே போட்டேன்."

"நடந்ததைத்தானே எண்ணணும்? நடக்காததை எப்படி எண்ணுறது?"

"கதவைப் பூட்டி வெச்சுக்கிட்டு, உள்ள யாருமே வரலைன்னு இத்தனை வருஷமா எழுதிக் கொடுத்திருக்கேன் மேடம். கதவுக்கு வெளிய நின்னவங்களை நான் பாக்காம இல்லை. பாத்தேன், கையும் ஆட்டினேன். எண்ணலை, அவ்வளவுதான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். இவள் அழுது அந்த அலுவலகம் பார்த்ததில்லை. பொறியாளர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். படிவத்தைத் தன் கையெழுத்தோடு மேலே அனுப்பினார்.

அன்று சாயங்காலம் ஜன்னலில் நின்றபடி அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னாலதான்க்கா. நான் உன்னை எண்ணியிருந்தா அப்பவே வழி விட்டிருப்பாங்க."

"போடி பைத்தியம். நான் ஒருத்தி கணக்குல வந்துதான் சுவரை உடைக்கப் போறானா?" என்று எதிர் ஜன்னலில் அக்கா சிரித்தாள்.

பத்து மாதம் இழுத்தடித்துச் சுவரை உடைத்தார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை, வெள்ளைப் பட்டைகள், பச்சை விளக்கு. திறந்த அன்று காலையே எண்ணம்மா வீட்டைப் பெருக்கித் துடைத்து, அடுப்படியில் நாலு பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சாலையோரம் வந்து நின்றாள். எதிரே அக்கா வந்தாள். பச்சை விழுந்ததும் இறங்கினாள். நடு மேடைக்கு வந்து சேர்வதற்குள் விளக்கு மாறிவிட்டது. அடுத்த பச்சை வந்தது. அக்கா மேடையின் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அதற்கடுத்த பச்சையும் வந்து போனது. தங்கை ஓடினாள்.

அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை. போன மாதம் பார்த்ததைவிட ரொம்பவும் இளைத்திருந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டே மீதி மூன்று தடத்தையும் பார்த்தாள்.

"நாலு வருஷம் முன்னாடின்னா நடந்திருப்பேன்டி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள். தங்கைக்கு அது நெஞ்சில் இறங்கியது. அக்காவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"திரும்பிப் போயிடலாமாக்கா?"

"எங்கடி திரும்புறது? இவ்வளவு தூரம் வந்துட்டு."

பச்சை விழுந்தது. இறங்கினார்கள். முட்டி வலித்ததால் அக்கா அடிக்கு அடி நின்றாள். இரண்டாவது தடத்தில் இருக்கும்போதே பச்சை மினுக்கத் தொடங்கியது. மூன்றாவது தடத்தில் சிவப்பு. ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பின்னால் இரண்டு கார்களும் ஹாரன் அடித்தன. அக்கா மிரண்டு காலை இழுத்து வைக்கப் பார்த்தாள்.

எண்ணம்மா பஸ்ஸின் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"அடிச்சா அடிக்கட்டும்க்கா, நீ மெதுவா வா" என்றாள்.