வீட்டில்தான் இருக்கிறாள்

1969 நவம்பர் 1. உதவி விரிவுரையாளர். மாதச் சம்பளம் 20 எகிப்திய பவுண்டு.
1976 செப்டம்பர் 12. முனைவர் பட்டத்துடன் திரும்புதல். மாதம் 58 பவுண்டு.
1988 பிப்ரவரி 6. கிராமப்புற வேலைக் கணக்கெடுப்பின் ஆலோசகர். மொத்தம் 1,800 பவுண்டு.
அதே ஆண்டு, பருத்தி பறிக்கும் பெண்ணின் நாள் கூலி: 2 பவுண்டு 50 பியாஸ்டர், அதாவது இரண்டரை பவுண்டு.
1999 மார்ச் 3. அமைச்சகக் குழு உறுப்பினர். ஓர் அமர்வுக்கு 75 பவுண்டு.
2003 ஜூலை, திராட்சை பறிக்கும் பெண்ணின் நாள் கூலி: 9 பவுண்டு.
2006 ஆகஸ்ட் 31. ஓய்வு. மாதம் 940 பவுண்டு.

ரிஃபாத் அல்-தஸூகி எகிப்தின் மஹல்லா நகரத்தில், பஞ்சாலையின் கூலிப் பிரிவில் எழுத்தராக இருந்தவருக்கு மூன்றாவது மகனாகப் பிறந்தார். யாருக்கு எவ்வளவு பிடித்தம், யாரை இந்த வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அந்த வீட்டில் சாப்பாட்டு வேளைப் பேச்சு. கெய்ரோவில் அவரோடு பொருளாதாரம் படித்தவர்கள் வங்கிக்கும் வணிகத்துக்கும் போனார்கள். இவர் கூலியைப் படித்தார். இங்கிலாந்தின் குளிரில் ஐந்து வருடம் இருந்து, பருத்திப் பருவத்தில் கூலி ஏன் ஏறுகிறது, பருவம் முடிந்ததும் ஏன் விழுகிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கினார். திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். எண்ணப்படாதவனுக்குச் சட்டம் கிடையாது என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வார். மாணவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அது வருவதில்லை என்று தெரிந்ததும் அடித்துவிடுவார்கள்.

1988-இல் கிராமப்புற வேலைக் கணக்கெடுப்பு ஒன்றைத் திட்டமிட அவரை அழைத்தார்கள். கிராமங்களில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று அதுவரை யாரும் சரியாகக் கேட்டதில்லை. பன்னிரண்டாயிரம் வீடுகள். கேள்விகளை அவரே எழுதினார். களப்பணிக்கு மேற்பார்வையாளராக நபவியா என்றொரு பெண் இருந்தாள். ஷர்க்கியா மாகாணத்தில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்து, இரவுப் பள்ளியில் படித்து அரசு வேலைக்கு வந்தவள். கேள்வித்தாளைப் படித்து முடித்ததும் மேசையில் வைத்தாள்.

"டாக்டர், இதுல வீட்டுத் தலைவர்கிட்ட மட்டும்தானே கேக்கறோம்?"

"ஆமா. அவர் எல்லாருக்குமாச் சேர்த்துச் சொல்லுவார். உலகம் முழுக்க அப்படித்தான் செய்யறாங்க."

"உலகம் எனக்குத் தெரியாது. நான் எட்டு வயசுல பருத்திச் செடியில புழு பொறுக்கினவ. அன்னைக்கு எங்கப்பாகிட்ட வந்து கேட்டிருந்தா, நபவியா பள்ளிக்கூடத்துல இருக்கான்னு சொல்லியிருப்பாரு. எங்க ஊர்ல பள்ளிக்கூடமே இல்ல."

ரிஃபாத் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். பெண்களைத் தனியாகக் கேட்பதென்றால் பெண் கணக்கெடுப்பாளர்கள் வேண்டும். அவர்களுக்குத் தங்க இடம், துணைக்கு ஆள், வண்டி எல்லாம் வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் பாதி வீடுகளைத்தான் பார்க்க முடியும்.

"பாதி வீட்டையே பாருங்களேன். முழுசாப் பாருங்க."

"வீடு குறைஞ்சா பிழை கூடும்மா. அதைக் கணக்குப் போட்டே காட்ட முடியும்."

"ஆம்பள சொல்ற பொய்க்குக் கணக்கு உண்டா டாக்டர்?"

அதற்குக் கணக்கு இல்லை. கணக்கு இருந்த பிழையைக் குறைப்பது என்று ரிஃபாத் முடிவு செய்தார். அவரோடு படித்த எவரும் அன்று அந்த முடிவைத்தான் எடுத்திருப்பார்கள்.

கேள்விகள் நடைமுறையில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஒரு நாள் அவரே மினூஃபியா மாகாணத்தில் கஃப்ர் அல்-ஸவாகி என்ற கிராமத்துக்குப் போனார். அப்துல்-மக்ஸூத் என்ற விவசாயியின் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். அரை ஃபத்தான், ஏறக்குறைய அரை ஏக்கர், குத்தகை நிலம், ஓர் எருமை, சின்னக் குழந்தை ஒன்று. உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா என்று கணக்கெடுப்பாளர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல. வீட்டுலதான் இருக்கா."

வீட்டில் அவள் இல்லை. தேநீரைப் போட்டதே அப்துல்-மக்ஸூத்தான். ஊரை விட்டு வெளியே வரும்போது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முகத்தில் துணி சுற்றிய பெண்கள் வரிசையாகக் குனிந்து பருத்தி பறித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் யார் என்று ரிஃபாத் கேட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் என்று உடன் வந்தவர் சொன்னார். பக்கத்து ஊரில் கேட்டபோது, அவர்கள் கஃப்ர் அல்-ஸவாகிக்காரர்கள் என்றார்கள். ரிஃபாத் அதை ஒரு வேடிக்கையாக அலுவலகத்தில் சொன்னார். நபவியா சிரிக்கவில்லை.

அறிக்கை அடுத்த ஆண்டு வெளிவந்தது. கிராமத்துப் பெண்களில் கூலி வேலை செய்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். அந்த எண் அவருக்குப் பேராசிரியர் பதவியை வாங்கிக் கொடுத்தது. துனிஸிலும் ஜெனீவாவிலும் மேடையேற்றியது. பாடப்புத்தகத்தில் அவர் பெயரோடு அச்சானது.

பத்து வருடம் கழித்து, அவர் வாழ்நாள் முழுதும் காத்திருந்த அழைப்பு வந்தது. நாள் கூலிக்கு வயலில் வேலை செய்பவர்களை விபத்துக் காப்பீட்டில் சேர்க்கலாமா என்று ஆராய அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. அதற்குள் காலமும் மாறியிருந்தது. பாலைவனத்தைத் திருத்திப் போட்ட திராட்சைத் தோட்டங்களுக்கு, விடிவதற்கு முன் பிக்கப் வண்டிகளில் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வண்டிகள் கவிழ்வது செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும். இந்தப் பெண்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் தன் படிப்புக்கு ஓர் அர்த்தம் கிடைக்கும் என்று ரிஃபாத் நம்பினார்.

குழுவின் தலைவரை எல்லோரும் மரியாதையாக ஃபிக்ரி பே என்று அழைப்பார்கள். இனிமையான மனிதர், கணக்கில் கெட்டி. ரிஃபாத் ஒரு மணி நேரம் பேசி முடித்ததும், அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார்.

"நூற்றுக்கு ஏழு பேர். அதுலயும் பெரும்பாலும் விதவைங்க. இவங்களுக்காகத் தனி நிதி எதுக்கு? இருக்கற தர்ம நிதியே போதும். இது நான் சொல்லல, டாக்டர் ரிஃபாத் அல்-தஸூகின்னு ஒரு பெரிய அறிஞர் எழுதியிருக்கார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ரிஃபாத்தும் சிரிக்க வேண்டியிருந்தது.

"அந்த எண் தப்பு பே. கேட்ட விதம் தப்பு."

"அப்ப சரியாக் கேட்டுட்டு வாங்க. நாங்க இங்கதானே இருக்கோம்."

2002-இல், பல்கலைக்கழகத்தில் கெஞ்சிப் பெற்ற சிறு தொகையை வைத்துக்கொண்டு, ரிஃபாத் மறுபடி கஃப்ர் அல்-ஸவாகிக்குப் போனார். ஓய்வுபெற்றிருந்த நபவியாவைக் கூப்பிட்டார். அவள் இரண்டு மருமகள்களையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ஆண்களை ரிஃபாத் முன்னறையில் உட்கார்த்திப் பேசுவார். பெண்களை நபவியா கூரைமேல், அடுப்படியில், கோழிக்கூட்டின் பக்கத்தில் போய்ப் பார்ப்பாள்.

அப்துல்-மக்ஸூத்துக்குத் தலை நரைத்திருந்தது. அன்றைக்குச் சின்னக் குழந்தையாக இருந்த ஷர்பாத்துக்கு இப்போது பதினேழு வயது.

"மூத்தவ என்ன செய்யறா?" என்றார் ரிஃபாத்.

"வீட்டுலதான் இருக்கா டாக்டர். கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

அந்த நேரத்தில் திராட்சைத் தோட்டத்து வண்டியிலிருந்து இறங்கிக் கொல்லைப்புறமாக வந்த ஷர்பாத், பின்கட்டுக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் கத்தரிக்கோல் கீறல். நபவியா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாப் போறே கண்ணு?"

"மூணு பருவமா சித்தி. சீர்ப் பாத்திரம் முழுக்க வாங்கிட்டேன். துணி துவைக்கிற மிஷின் மட்டும் பாக்கி."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

ஷர்பாத் சிரித்தாள். "மாப்பிள்ளையோட தங்கச்சி எனக்குப் பக்கத்து வரிசையிலதான் திராட்சை பறிக்கிறா. அவங்க வீட்டுக் கணக்குல அவளும் வீட்டுலதான் இருக்கா."

"நான் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. எங்கப்பா கண்ணுல படாம எழுதிக்கோங்க."

கணக்கு முடிந்தபோது நூற்றுக்கு நாற்பத்தொன்று வந்தது. ரிஃபாத் அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அமைச்சகத்துக்குப் போனார். ஃபிக்ரி பே கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"நல்ல வேலை. ஆனா ஒரு ஊரு நாடாயிடாது டாக்டர். இந்த ஊர்லயும் பேர் போட்டுச் சொன்னவங்க ஒருத்தரும் இல்ல. ஒண்ணு செய்யலாம். எங்கயாவது ஒரு விபத்து வழக்குல, ஒரு தகப்பன், 'என் மக கூலிக்குப் போனா'ன்னு அதிகாரி முன்னால கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும். ஒரே ஒரு தகப்பன். அதை வெச்சு நான் மறுபடி குழுவைக் கூட்டறேன். வாக்குக் கொடுக்கறேன்."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். ரிஃபாத்துக்கும் அது புரிந்தது.

அடுத்த ஜூலையில், கஃப்ர் அல்-ஸவாகியிலிருந்து போன வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள். ஷர்பாத் அவர்களில் ஒருத்தி.

இறந்தவர்களின் குடும்பங்கள், வேலை என்று எதுவும் குறிப்பிடாமல், இழப்பீட்டுக்கு மனுப் போட்டன. வேலைக்குப் போகும்போது இறந்ததாக நிரூபித்தால்தான் பணம் கிடைக்கும். அந்தப் பெண்கள் யாரும் தன்னிடம் வேலை செய்யவில்லை, வழியில் கைகாட்டினார்கள், இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டேன் என்று ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரன் எழுதிக் கொடுத்திருந்தான். ஏழு பேருடைய அடையாள அட்டையிலும் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அட்டைக்கு விவரம் கொடுத்ததும் தகப்பன்மார்தான். இனி அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

விசாரணைக்கு முந்தின நாள் ரிஃபாத் அப்துல்-மக்ஸூத் வீட்டுக்குப் போனார். துக்கம் கேட்டார். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பி வந்தது. குடித்துவிட்டு, எதற்கு வந்தார் என்பதைச் சொன்னார். ஒப்பந்தக்காரன் சொல்வது பொய் என்று ஊருக்கே தெரியும், அதை ஒருவர் சொன்னால் மற்ற ஆறு பேரும் சொல்வார்கள், அதற்குப் பிறகு நாட்டில் எந்தப் பெண்ணும் இப்படிக் கேட்பாரில்லாமல் சாக மாட்டாள் என்றார். அவ்வளவு நேரம் அவர் எவரிடமும் கெஞ்சியதில்லை.

அப்துல்-மக்ஸூத் எழுந்துபோய் உள்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு."

"தெரியும் ஹாஜி."

"ஷர்பாத் கூலிக்குப் போனான்னு நான் சர்க்கார் தாள்ல சொன்னா, இவ்வளவு நாளா நான் அவ உழைப்புல சாப்பிட்டேன்னு ஆகும். செத்தவளையும் பேசுவாங்க. இருக்கறவங்களைக் கேட்டும் ஒருத்தன் வரமாட்டான்."

"எல்லா வீட்டுலயும் இதேதானே நடக்குது?"

"நடக்குது. யாரும் சொல்றதில்ல." தலையை நிமிர்த்தினார். "உங்களைக் குத்திக் காட்டறதுக்குக் கேக்கல டாக்டர். முன்ன ஒரு தடவை இதே இடத்துல உட்கார்ந்து என் பொண்டாட்டியைப் பத்திக் கேட்டீங்க. வீட்டுல இருக்கான்னேன். எழுதிக்கிட்டுப் போனீங்க. வீட்டுல அவ இல்லைங்கறது உங்களுக்குத் தெரியலையா?"

அப்துல்-மக்ஸூத் காலிக் கோப்பைகளை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அப்ப எனக்கு வயசு இருந்துச்சு. நீங்க ரெண்டாந்தரம் கேட்டிருந்தா ஒருவேளை சொல்லியிருப்பேன். இப்ப எனக்கு வராது."

மறுநாள் வட்ட அலுவலகத்தின் விசாரணை அறையில் ஏழு தகப்பன்மாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்களில் நாலு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த மாப்பிள்ளை வீட்டார் சுவரோரம் நின்றார்கள். கடைசி வரிசையில் ரிஃபாத்தும் நபவியாவும் இருந்தார்கள். அதிகாரி இளைஞர், குரலில் மரியாதை இருந்தது.

"உங்க மக ஷர்பாத் கூலி வேலைக்குப் போனாங்களா ஹாஜி? அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அப்துல்-மக்ஸூத் எழுந்து நின்றார். ஒரு முறை திரும்பி ரிஃபாத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லைங்க. வீட்டுலதான் இருந்தா. அன்னைக்கு அவ அத்தையைப் பார்க்கப் போனா."

அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்தவரும் அத்தை என்றார். அதற்கடுத்தவர் தாய்மாமன் வீடு என்றார். ஒருவர் மட்டும் எதுவும் சொல்ல முடியாமல் அழுதார். அவருக்குப் பதிலாக அவர் அண்ணன் சொன்னார். நபவியா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டாள். ரிஃபாத் கடைசி வரை இருந்தார். ஏழு மனுக்களும் அன்றே தள்ளுபடியாயின. ஃபிக்ரி பே குழுவைக் கூட்டவில்லை. கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

அதன் பிறகு மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்தார். முதல் வகுப்பில் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஓய்வுபெற்ற பின் அவருக்கு ஒரே வேலைதான் மீதி இருந்தது. கணக்கெடுப்பு அலுவலகத்தில் அடுத்த சுற்றுக்கான கேள்விகள் தயாராகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெண்ணையும் அவளிடமே கேளுங்கள், தனியாகக் கேளுங்கள், இரண்டாவது முறையும் கேளுங்கள் என்று எழுதினார். காரணங்களைப் பன்னிரண்டு பக்கத்துக்கு விளக்கினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார், இந்த முறை நான்கு பக்கம். மூன்றாவது முறை ஒரே பக்கம். நபவியா அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னவாம் டாக்டர், உலகம் என்ன சொல்லுது?" என்று கேட்பாள். "படிச்சுக்கிட்டு இருக்கும்," என்பார்.

மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். கிராமப்புற வேலைக் கணக்கெடுப்பின் தந்தை என்று அவரை விளித்திருந்தார்கள். 1988 முதல் ஒவ்வொரு சுற்றிலும் வீட்டுத் தலைவரிடமே கேட்டு வந்திருப்பதால், கேள்வியை இப்போது மாற்றினால் பழைய எண்களோடு புதிய எண்களை ஒப்பிட முடியாமல் போய்விடும். எனவே தாங்கள் வகுத்த முறையையே மாற்றமின்றித் தொடர முடிவு செய்திருக்கிறோம். இது தங்கள் பணிக்கு நாங்கள் செலுத்தும் மரியாதை என்று அதில் இருந்தது. இதற்கு மேல் இது குறித்துக் கடிதப் போக்குவரத்து தேவையில்லை என்பதையும் பணிவாகத் தெரிவித்திருந்தார்கள்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 2009 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை.