பத்துக்கு ஏழு

ஆர்லிஸ் ட்வெட்டன் எங்கள் கவுண்டியில் கிரேடர் ஓட்டுகிறவள். கோடையில் சரளைச் சாலைகளைச் சீவி மட்டமாக்குவாள், குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவாள். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் மான் சுட்டவள். வேலிக் கம்பத்தில் சாய்ந்தோ, உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றியோ ஒரே ஒரு தோட்டா விடுவாள். மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்குச் சுடத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஜனவரியில் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை நடத்திய விருந்தில் அவளுடைய குலுக்கல் சீட்டுக்கு முதல் பரிசு விழுந்தது. நமீபியாவில் பத்து நாள் வேட்டை. முறுக்குக் கொம்புள்ள குடு மான் ஒன்று, நேர்க் கொம்புள்ள ஓரிக்ஸ் மான் ஒன்று சுடலாம். ஆகஸ்டில் புறப்பட வேண்டும். அவள் ஆசைப்பட்டது இரண்டாம் பரிசான புகையூட்டிய பன்றித் தொடைக்குத்தான். எல்லோரும் கைதட்டினோம். தட்டாமல் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய அண்ணன் ரோலி.

ரோலிக்கு முப்பது வருஷமாக ஆப்பிரிக்கா போக ஆசை. அதற்கென்றே பெரிய துப்பாக்கி ஒன்று வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து அலமாரியிலேயே வைத்திருந்தான். மறுநாள் காலை அதைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான்.

"நான்தான் போகலை, இதாவது போகட்டும். உன்னோட கொசு அடிக்கிற துப்பாக்கிய அங்க கொண்டுபோய் மானத்த வாங்காத."

அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நமீபியாவில் வேட்டை ஏற்பாடு செய்கிற ஹன்னஸ் என்பவரிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே முட்புதர் இடுப்பளவு நிற்கும், உட்கார்ந்தோ படுத்தோ சுட முடியாது, மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து நின்றபடிதான் சுட வேண்டும், வருவதற்குள் பழகிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

எங்கள் துப்பாக்கிக் கழகத்தின் திடல் சாவி என்னிடம் இருக்கிறது. ஏப்ரலில், குண்டு தடுக்கும் மண்மேட்டில் பனி முழுக்கக் கரையாத ஒரு சனிக்கிழமை, அவள் ரோலியின் துப்பாக்கியும் தாங்கியுமாக வந்து இறங்கினாள். நூறு கஜத்தில் காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து வைத்தேன். முதல் தோட்டாவிலேயே துப்பாக்கி பின்னால் உதைத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டு மீதி ஒன்பதையும் சுட்டாள். தட்டில் மூன்று ஓட்டைகள்.

"முதல் நாள்தானே," என்றேன்.

"பத்துல எட்டு பட்டாத்தான் நான் அங்க எதையாவது சுடுவேன். காயத்தோட ஓட விட்டுட்டு வர எனக்கு மனசு வராது," என்றாள்.

அதன்பிறகு வாரம் மூன்று நாள் வருவாள். கிரேடர் புழுதி படிந்த சட்டையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல். திடலில் இருக்கும் ஆண்கள் ஒவ்வொருவருக்கும் அவளிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. ஒருவன் காலை அகட்டி நில் என்பான். அடுத்தவன் காலைச் சேர்த்து வை என்பான். மூச்சை விட்டுச் சுடு, மூச்சைப் பிடித்துச் சுடு, முழங்கையைத் தாழ்த்து, விசையை இழுக்காதே, அழுத்து. நானும் சும்மா இருக்கவில்லை. அவள் எல்லோரும் சொன்னதையும் கேட்டு, எல்லாவற்றையும் செய்துபார்த்தாள். ஜூனில் பத்துக்கு இரண்டாக இறங்கிவிட்டது. தோள் கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றிப்போயிருந்தது. கொசு வேறு. ஒரு நாள் தாங்கியைத் தூக்கிப் பக்கத்துச் சதுப்பில் வீசிவிட்டு, பிறகு அவளே முட்டளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த முறை தோட்டாக்களை நானே போட்டுத் தருகிறேன் என்று வாங்கி, நான்காவதாக ஒரு சுட்டு முடித்த காலிக் கூட்டை நுழைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் குறி பார்த்தாள், விசையை அழுத்தினாள். 'டிக்' என்று ஒரு சத்தம்தான். ஆனால் துப்பாக்கி முனை ஒரு சாண் கீழே குத்தியது. கண்ணை இறுக மூடியிருந்தாள். உதை வருமுன்பே உடம்பு பயந்து துள்ளுகிறது. எல்லோருக்கும் வருவதுதான்.

பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ரோலிதான் உரக்கச் சிரித்தான்.

"வெடிக்காத துப்பாக்கிக்கே இந்தப் பயமா? கண்ண மூடிக்கிட்டா சுடுற? குடு தானா வந்து தோட்டாவுல முட்டிக்கிட்டாத்தான் உண்டு!"

ஆர்லிஸ் துப்பாக்கியைத் திறந்து, காலிக் கூட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், வெண்டல்," என்றாள்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. அவள் புருஷன் மெர்லைக் கடையில் பார்த்து விசாரித்தேன்.

"தினமும் சமையலறையில நின்னுக்கிட்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியால காலண்டரக் குறி பார்க்கிறா. டிக், டிக்குன்னு ஒரே சத்தம். இந்த மாசம் முழுக்கச் செத்துப்போச்சு, அடுத்த மாசத்தையும் விடமாட்டா போல," என்றான்.

ஜூலையில் திரும்பி வந்தபோது அவள் தோளில் தொங்கியது அவளுடைய பழைய, சிறிய துப்பாக்கி. ரோலியின் துப்பாக்கியைப் பெட்டியோடு அவன் வண்டியில் வைத்தாள்.

"இது உன் உடம்புக்கு ஆகும் ரோலி, எனக்கு ஆகலை. நீயே ஒரு நாள் எடுத்துட்டுப் போ."

"எப்பப் போறது? எனக்கு அறுபத்தி நாலு," என்றான் ரோலி. வண்டிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

சிறிய துப்பாக்கியிலும் அந்தத் துள்ளல் உடனே போய்விடவில்லை. நான்கு, ஐந்து, மறுபடி நான்கு. ஜூலைக் கடைசியில் ஏழு. அப்புறம் ஏழிலேயே நின்றது. புறப்படுவதற்கு முந்தின நாள், காற்றில்லாத நல்ல வெளிச்சத்தில், ஐம்பது தோட்டா சுட்டாள். எந்தப் பத்திலும் எட்டு வரவில்லை. தட்டைப் பிய்த்து நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். ஆறாம் நாள் காலை, ஹன்னஸிடம் மானின் தடம் பார்க்கிற காட்ஹார்ட் சட்டென்று நின்று, தாங்கியை விரித்து வைத்தார். நூற்றெண்பது கஜத்தில் முதிர்ந்த ஆண் குடு ஒன்று, பக்கவாட்டில், அசையாமல். காட்ஹார்ட் அவள் காதருகே, "சுடுங்கம்மா, நேரமிருக்கு," என்றார். ஸ்கோப்பின் சிலுவைக் கோடு மானின் தோளில் நிற்காமல் வயிற்றுக்கும் வானத்துக்குமாக அலைந்தது. அவள் மூன்று முறை மூச்சுவிட்டுப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை இறக்கிவிட்டாள். மான் நடந்து புதருக்குள் போனது.

"ஏன் சுடலை? இத விட நல்லா அது எப்படி நிக்கும்?" என்று ஹன்னஸ் கேட்டாராம். எரிச்சலை அவரால் மறைக்க முடியவில்லை. காட்ஹார்ட் தாங்கியை மடக்கினார்.

ஒன்பதாம் நாள் எழுபது கஜத்தில், கோடு தோளிலேயே நின்றபோது, ஓரிக்ஸ் ஒன்றைச் சுட்டாள். அறுபது அடி ஓடி விழுந்தது. இன்னொரு குடு கடைசிவரை கண்ணில் படவில்லை.

ஊர் திரும்பியபின் தேவாலயத்தில் காபிக்கு நின்றபோது, பாதிரியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த உயிர விட்டீங்களே, அது பெரிய மனசு," என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஆர்லிஸ் கையை விடுவித்துக்கொண்டாள்.

"மனசெல்லாம் ஒண்ணுமில்ல, பாஸ்டர். நல்லா சுடத் தெரிஞ்சிருந்தா சுட்டிருப்பேன். அவ்வளவு தூரம் போய், அது வாகா நின்னுச்சு, என் கைக்கு வரலை. அத நினைச்சா இன்னும் வயிறு எரியுது. தயவுசெஞ்சு அதப் புண்ணியம் ஆக்காதீங்க."

பாதிரியார் அடுத்தவரிடம் நகர்ந்தார். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அன்று மாலை மழை வரும், ஈரம் காயுமுன் சாலையைச் சீவ வேண்டும் என்பதால், கிரேடருக்கு டீசல் போடப் போனாள்.