நெடி வராத மிளகாய்

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருந்தால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போய் இந்திராணி அம்மாளைக் கேளுங்கள். போன தை மாதம் அவர் வீட்டுப் புழக்கடையில் நடந்தது.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அகிலா, சின்னவள் இளவரசி. இருவரும் எஞ்சினியர்கள். விண்வெளி நிலையத்துக்கு ஆள் எடுத்தபோது இருவருமே போட்டியில் இருந்தார்கள். கடைசிச் சுற்றில், உள்காதில் கோளாறு என்று அகிலாவைக் கழித்துவிட்டார்கள். இளவரசி போய்விட்டாள். ஒரு அமெரிக்கர், ஒரு ரஷ்யர், ஒரு ஜப்பான்காரர், நம் இளவரசி. நாலு பேரும் ஒரே ராக்கெட்டில்!

தங்கைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததே அகிலாதான். இப்போது ஊரெல்லாம் தங்கையின் பேனர். கோயில் வாசல் பூக்காரிகூட, "தங்கச்சி எப்டிமா இருக்குது?" என்றுதான் கேட்கிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. சோறு இறங்கவில்லை. அது என் இடம், நான் இருக்க வேண்டிய இடம் என்று மனசுக்குள் ஓயாமல் ஒரே புலம்பல்.

அன்று சாயங்காலம் நிலையம் ஊருக்கு மேலே கடக்கும் என்று செய்தி.

"ஊர்க் கண்ணு பட்டிருக்கும். தலைக்கு மேல போவச்சொல்லவே சுத்திப் போட்டுடலாம்மா" என்றார் இந்திராணி.

இளவரசியின் போட்டோவை அகிலா பிடித்துக்கொண்டாள். உப்பு, கடுகு, வரமிளகாய். அம்மா மூன்று முறை சுற்றினார்.

மணி 6.52. வானத்தில் வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. மிளகாய் தணலில் விழுந்தது.

பட்... பட்... வெடித்தது. கருகியது.

யாருக்கும் தும்மல் வரவில்லை.

"நெடி வருதாடி?"

"இல்லமா."

அம்மாவின் முகம் வெளுத்தது. நெடி வராவிட்டால் பொல்லாத கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். யாருடைய கண்?

அகிலா குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. புகை மட்டும் கலையாமல், நேராக... மேலே...

உடம்பு சில்லிட்டது.

கால் தரையில் இல்லை.

மேலே... இன்னும் மேலே...

அம்மா உலுக்கியபோதுதான் கண் திறந்தாள். மணி 6.57.

என் கண்ணால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பொறாமை இருந்தது நிஜம். அதற்காகத் தங்கை சாக வேண்டுமா? அகிலா இரண்டு நாள் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் வீடியோ கால் வந்தது. இளவரசி உயிரோடு இருந்தாள். அகிலா அழுதேவிட்டாள்.

இளவரசி சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நம்ம ஊருக்கு மேல வரச்சொல்ல, இங்க ஒரே மிளகா நெடிக்கா. எல்லாரும் இருமிக்கினு மாஸ்க் போட்டோம். அலாரம் அடிக்கல. எங்கயும் நெருப்பு இல்ல."

"அப்புறம்?"

"நான் தூங்கற அறைலேர்ந்துதான் வந்துச்சு. கதவத் தொறந்த ஜப்பான்காரர் அலறிட்டாரு. உள்ள ஒரு பொம்பள உக்காந்துக்கினு இருக்குதுன்னாரு. நம்ம வீட்டு போட்டோவக் காட்டினேன். உன்னத் தொட்டுக் காட்டுறாருக்கா."



இளவரசி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"மூணு நாளா நான் அந்த அறைக்கு வெளியதான் தூங்கறேன். அக்கா... நீ எப்பக்கா கீழ போவ?"