சிவப்பில் இருக்கவேண்டிய எழுத்து

ஓர்டர் கொடுத்த தாயும் மகளும் கல்லைப் பார்க்க வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. கல்லைச் சுற்றி வந்த முதலாளி, ஹொங்கொங்காரர், ஒரு வரியில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார்.

ஸ்காபரோவில் கல்லறைக் கல் வெட்டும் பட்டறை அது. நான் சேர்ந்து ஐந்து மாதம். ஸ்டென்சில் ஒட்டி, மணல் அடித்து, வெட்டிய எழுத்துக்குப் பெயின்ற் பூசுவது என் வேலை. வாடிக்கையாளரில் பாதிப்பேர் சீனர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குத் தெரியாத எழுத்தைத் தொடவே பயம். அதனால் ஒரு கொப்பி வைத்திருந்தேன்: எழுத்து, ஒலி, பொருள். 妣 என்பதற்கு நேரே எழுதியிருந்தது இது: 'மாண்டரினில் பி. கன்டனீசில் பெய். பழைய எழுத்து, பேச்சில் வராது. இறந்த தாய்.'

அந்தக் கல்லில் தகப்பனுக்கு ஒரு வரி, தாய்க்கு 妣 என்ற எழுத்தோடு ஒரு வரி. ஓர்டரில் தாயின் வரிக்குச் சிவப்பு என்றிருந்தது. இறந்த தாய் என்றால் தகப்பனைப்போலத் தங்கநிறம்தானே, எழுதியவர் பிழை விட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்டால் வேலை தெரியாதவன் என்று நிற்பாட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், கேட்காமலே தங்கத்தைப் பூசினேன்.

"மனுசி உயிரோட இருக்குது," என்றார் கூட வேலை செய்த செல்வா அண்ணை. "இருக்கிற ஆளுக்கும் முன்கூட்டியே வெட்டுவினம். ஆனால் சிவப்பு. செத்தாப் பிறகுதான் தங்கம். நீர் ஆளை முடிச்சுப்போட்டீர்."

"கொப்பியிலை அப்பிடித்தான் கிடந்தது, அண்ணை."

"உந்தக் கொப்பிக்கு வாயில்லை. எனக்கு இருக்கெல்லே. கேட்டிருக்கலாம்."

தின்னரால் துடைக்கத் தொடங்கினேன். பாதி போவதற்குள் கார் வந்துவிட்டது. தாய் பொல்லை ஊன்றியபடி நேரே கல்லடிக்கு வந்தார். மிச்சமிருந்த தங்கத்தைப் பார்த்து, "பெய்," என்று மெல்ல வாசித்தார். கொப்பியில் நான் எழுதிவைத்த ஒலியை உரிய ஆளின் வாயால் அன்றுதான் கேட்டேன்.

யார் செய்தது என்று மகள் கேட்டாள். "நான்தான்," என்று கொப்பியை நீட்டி, அதில் எழுதியிருந்த பொருளை இங்கிலீசில் சொன்னேன். மகள் தாய்க்குச் சொன்னாள். தாய் சொன்ன மறுமொழியை முதலாளி எனக்குச் சொன்னார்: "பொருள் சரியாம். தான்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லையாம்."

பிறகு தாய் கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கடைசிக் கோடு சிவப்பாகும்வரை எழும்பவில்லை.

இப்போது கொப்பியில் நாலாவது நிரல் ஒன்று உண்டு: யாரிடம் கேட்டேன். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் நிரப்பவேண்டும்.

அந்த வரியைத் தங்கமாக்கச் சொல்லி ஒருநாள் ஓர்டர் வரும். ஏழு வருடமாகக் காலையில் பயந்து பயந்து ஓர்டர்க் கட்டைப் புரட்டுகிறேன். இன்னும் வரவில்லை.