நாய் உட்கார்ந்த சீட்டு

நீலகிரி மலையில் ஒருவன் தினப்படி வேலைக்கு அந்த மாதிரிக் காரை வைத்துக்கொண்டான் என்றால், ஒன்று அவனுக்குப் புத்தி இல்லை, அல்லது அவனுக்காக நனைவதற்கு இன்னொருவன் இருக்கிறான். எங்கள் துரைக்குப் புத்தி இருந்தது. நனைவதற்கு நான் இருந்தேன்.

சிவப்புக் கார். இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. கான்வாஸ் துணியில் ஒரு மூடி உண்டு, அதை மடித்துப் பின்பக்கம் வைத்திருப்போம். எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிய வெள்ளைக்காரர் பங்களாவோடும் மான்கொம்புகளோடும் சேர்த்து அதையும் விட்டுப்போனார். வாங்கியவர் கோயமுத்தூரில் மில் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. தமிழர்தான், எங்கள் நிறம்தான். இருந்தாலும் துரை என்றுதான் கூப்பிட்டோம். பங்களாவில் இருப்பவரைக் கூப்பிட எங்களிடம் வேறு சொல் இருக்கவில்லை.

நாங்கள் என்றால் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். திரும்பி என்பது சர்க்கார் காகிதத்தில் இருந்த வார்த்தை. என் அம்மா பிறந்தது அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். நானும் அங்கேதான். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று மண்டபம் முகாமில் ஒரு குமாஸ்தாவிடம் கேட்டேன். "அடுத்த ஆள் வா" என்றார். அந்த முகாமில் அப்பா வயிற்றுப்போக்கில் செத்தார். குடும்ப அட்டையில் அவர் பெயரை அடித்துவிட்டு அம்மாவைக் குடும்பத் தலைவி ஆக்கினார்கள். அட்டையில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

அம்மாவை மலைக்கு அனுப்பிவிட்டு நான் கல்குவாரி, ரோடு வேலை, காட்டில் மரம் வெட்டுகிற கூப்பு என்று சுற்றினேன். ஓரிடத்தில் நிற்கிற குணம் எனக்கு இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிலோனிலேயே லாரியில் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றிருந்தேன். அம்மா பிக்கட்டிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். காலில் புண் வந்து முழங்கால்வரை வீங்கி அவள் மலை ஏற முடியாமல் ஆனபோது எனக்குக் கடிதம் வந்தது. வேலைக்குப் போகாதவர்களுக்கு அங்கே எஸ்டேட் கொடுக்கிற லைன் வீடு கிடையாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் போய் வேலைக்குச் சேர்ந்தேன். கார் ஓட்டத் தெரியும் என்றதும் துரை என்னைக் காருக்கு வைத்துக்கொண்டார். நான் வேலையை விட்டால் அன்றைக்கே அம்மா தெருவில். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

டிரைவர் என்று பெயர். காரை ஓட்டியது துரை. பக்கத்துச் சீட்டில் அவருடைய நாய். நான் மடித்து வைத்த கான்வாஸ் மூடியின்மேல் முழங்காலை மடக்கி, இரண்டு சீட்டின் முதுகையும் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு, ஃபேக்டரிக்கு, தபால் ஆபீசுக்கு, ஊட்டி கிளப்புக்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். எஸ்டேட் ரோட்டில் வயிறு உரசாமல் ஓட்ட முடியாது. கல் இடிக்கும்போதெல்லாம் நான் குதித்து, கல்லைப் புரட்டிவிட்டு, ஓடிப்போய் ஏற வேண்டும். டேங்கில் ஓட்டை விழுந்தால் சோப்பை நசுக்கி அடைப்பேன். உர மூட்டை போக வேண்டிய நாளில் மூட்டை என் இடத்தில் போகும், நான் பின்னால் நடப்பேன். துரையின் மனைவி டவுனுக்கு வரும் நாளில் நாய்க்கும் சீட்டு இல்லை. நானும் நாயும் சேர்ந்து நடப்போம். பங்களா சமையல்காரர் எங்களைப் பார்த்து, "இன்னிக்கு ரெண்டு பேருக்கும் லீவுங்களா?" என்பார்.

மழைதான் என்னைக் கொன்றது. அந்த மூடியைத் தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். கொக்கிகள் துருப்பிடித்துக் கிடந்தன. மடிப்புக்குள் எலி குட்டி போட்டிருந்தது. குந்தா பக்கம் ஒரு நாளைக்குப் பத்து தடவை மேகம் இறங்கும். துரை நிறுத்த மாட்டார். "ஓடீட்டே இருந்தா மழை உள்ளார வராதுப்பா. காத்து தள்ளீரும்" என்பார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு அது உண்மைதான். காற்று தள்ளிய மழை முழுவதும் என் முகத்தில் விழுந்தது. "எப்படி, சொன்னேனில்ல? ஒரு சொட்டு வருதா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்பார். நான், "இல்லைங்க தொரை" என்பேன். நாயிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

இதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது எங்கள் ஆட்கள். சிலோன் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. துரையின் கார் வந்தால் ரோட்டைவிட்டுக் கானுக்குள் இறங்க வேண்டும். கான் என்றால் ரோட்டோரத்து வடிகால். குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், கார் போகும்வரை தலையைக் குனிந்து நிற்க வேண்டும். கடலைத் தாண்டியபோது வீடு, மாடு, பித்தளைச் சாமான் எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த படகர்கள் காரை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். முதல் தடவை எங்கள் ஜனங்கள் கானில் இறங்கியபோது துரையே பயந்து, "என்னப்பா, ஏதாச்சும் விழுந்துபோச்சா?" என்று கேட்டார். நான் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. ஆறே மாதத்தில், இறங்காமல் நின்ற ஒருவனைப் பார்த்து, "அவனென்ன பெரிய இவனா? ஊடு எந்த லைன்ல?" என்று கேட்கும் அளவுக்கு அவருக்கு அது பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், திரும்பி வந்தவர்களுக்கு சர்க்கார் கட்டிய வீடுகளைப் பிரித்துக்கொடுக்கப் போவதாகக் கடிதம் வந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, ஓட்டுக் கூரை. அது கிடைத்தால் துரையின் லைன் வீடு வேண்டாம். நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அம்மாவை யாரும் வெளியே தள்ள முடியாது. அதற்குமேல் நான் எதையும் ஆசைப்படவில்லை. அட்டையில் இருக்கிற எல்லோரும் ஊட்டியில் இருந்த அலுவலகத்துக்குக் காலை பத்து மணிக்குள் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாவால் பஸ் நிற்கும் இடம்வரை நடக்க முடியாது.

அந்த நாளில் கார் ஊட்டி ஒர்க்‌ஷாப்புக்கு பிரேக் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. துரைக்குக் காய்ச்சல். "நீயே கொண்டுபோய் உட்டுட்டு நில்லு. வேற எங்கயும் போகாதே" என்று சாவியைக் கொடுத்தார். நான் லைனுக்கு ஓட்டிப்போனேன்.

அம்மா காரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"தொரைகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். ஏறு."

"பொய் சொல்றே. ஒன் மூக்கு சொல்லுது."

"நாய் ஒக்கார்ற சீட்டும்மா. நாய்கிட்ட கேட்டுட்டேன், ஏறு."

"நாய யாரும் வீட்ட விட்டுத் தொரத்த மாட்டாங்க. நமக்கு அப்பிடியா?" என்றவள், கடைசியில் சாக்கை மடித்து சீட்டின்மேல் போட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்கவே இல்லை. வீங்கிய காலை வெளியே தெரியாமல் சேலையால் மூடிக்கொண்டாள்.

இத்தலாருக்கு முன்னால் மழை பிடித்தது. மூடியைத் தூக்க இன்னோர் ஆள் இல்லை. ரோட்டில் எங்கள் ஆட்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதே அலுவலகத்துக்குப் போகிறவர்கள். சிவப்புக் காரைக் கண்டதும் வழக்கம்போலக் கானில் இறங்கி, அந்த மழையில் குடைகளை மடக்கினார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கணுக்கால் தண்ணீரில் நின்றாள். நான் வேகத்தைக் குறைத்து, "அக்கா, நாந்தான்! மேல ஏறு! கொடைய விரி!" என்று கத்தினேன். அவள் நிமிரவில்லை. துரையின் காரிலிருந்து குரல் வந்தால் இன்னும் குனிய வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்துடா, எறங்கிக்கிறேன்" என்றாள் அம்மா. "அவுங்க நனையுறாங்க, நான் ஒக்காந்து போறேன்."

"நீயுந்தான் நனையுறே."

"ஒக்காந்துல்ல நனையுறேன்."

அலுவலகத்தின் முன்னால் இருநூறு பேருக்கும் மேல் வரிசையில் நின்றார்கள். அம்மா அதிக தூரம் நடக்க வேண்டாமே என்று வாசல் பக்கமாகக் காரைக் கொண்டுபோனேன். அதுதான் நான் செய்த தப்பு. விடியற்காலையிலிருந்து இடம்பிடித்து நின்ற அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, வரிசையைக் கலைத்துவிட்டுக் கானுக்குள் இறங்கினார்கள். குடைகள் மடங்கின. பேச்சு நின்றது. அழுத ஒரு குழந்தையின் வாயையும் யாரோ பொத்தினார்கள்.

உள்ளே இருந்த குமாஸ்தா, சத்தம் நின்றதைக் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மேலிருந்து பெரிய அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்தார். காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். மழையில், வெறுங்காலோடு, முதுகை வளைத்து, உள்ளே யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே, "வாங்க சார், வாங்க, சொல்லியனுப்பியிருந்தா..." என்று கார்க் கதவைத் திறந்துவிட்டார். திறந்த கதவு வழியாக என் அம்மா, நனைந்து, சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியதும் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கானில் யாரோ ஒருவன் சிரித்தான். அந்த ஒரு சிரிப்பு எங்களுக்கு வினையாகிவிட்டது.

குமாஸ்தா நிமிர்ந்தார். அவர் முதுகு நேராக ஆன வேகத்தை இப்போதும் நான் பார்க்கிறேன். "ஏனுங்க தொரைசானியம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கார்ல வந்து எறங்கறீங்க. உங்களுக்கு ஓட்டு ஊடு எதுக்குங்க? நாளைக்குக் கார் நிறுத்த ஷெட்டும் கேப்பீங்களாட்ட இருக்குதே?"

"ஐயா, கார் எங்களதில்ல. தொரையோட கார். இவன் டிரைவரு" என்றாள் அம்மா.

"டிரைவருங்களா? அப்ப வேலை இருக்குது, ஊடு இருக்குது, ஊர்வலம் வாரதுக்குக் காரும் இருக்குது. அட்டையைக் கொடுங்க."

அட்டையின் மேலே சிவப்பு மையில் 'வசதி உள்ளவர், பரிசீலனை நிறுத்தம்' என்று எழுதினார். நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். அம்மா என் கையில் தொங்கினாள், வீங்கிய கால் தரையில் இழுபட. "கார் யாருதோ அவருகிட்ட எழுதி வாங்கீட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அதற்குள் வரிசை மறுபடி சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர்கள் பின்னாலும் பின்னால் நின்றவர்கள் முன்னாலும் ஆகிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைத் திட்டினார். காரைத் திட்டவில்லை.

எழுதி வாங்க வேண்டுமென்றால் துரையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மாவை ஏற்றிப்போனதைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் லைன் வீடும் போகும். சொல்லாவிட்டால் சர்க்கார் வீடு போகும். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னேன். துரை கட்டிலில் படுத்திருந்தார். கேட்டார். பிறகு கட்டில் ஆடும்படி சிரித்தார்.

"உன்ற காருன்னு நெனச்சுட்டானா! உன்ற காரு!" மனைவியைக் கூப்பிட்டார். "ஏனுங்கறேன், இங்க வா, இவன் கதையைக் கேளு." நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. குமாஸ்தா கதவைத் திறந்த இடத்தை நடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அம்மா இறங்கியதையும் காட்டச் சொன்னார். அதைக் காட்ட முடியாது என்றேன். "அட, கோபத்தைப் பாரு" என்று இன்னும் சிரித்தார். அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எஸ்டேட் காகிதத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அடுத்த வாரம் பஸ்ஸில் நின்றபடி போனேன். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று தமிழில் உரக்கச் சொன்னார்: "இந்த ஆளுக்கும் இவனுடைய தாயாருக்கும் உலகத்தில் சொந்தமாக எதுவும் இல்லை என்று உறுதி அளிக்கிறேன்." அதைக் கோப்பில் குத்தினார். சிவப்பு மையை அடித்தார். சாவியைக் கொடுத்தார்.

வீட்டுச் சாவி கையில் வந்ததும் கார்ச் சாவியைப் பங்களாவில் வைத்துவிட்டேன். துரைக்குக் கோபம் இல்லை. "கிளப்புல எல்லாரும் உன்னைப் பாக்கோணும்னாங்க. இப்பப் போறயே" என்றுதான் வருத்தப்பட்டார்.

சர்க்கார் வீட்டில் அடுப்புப் பற்றவைத்த அன்று அம்மா கேட்டாள். "தொரை அந்தக் காயிதத்துல என்னா எழுதியிருந்தாரு?"

"வீடு கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தாரு."

அவள் அடுப்படியிலிருந்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பிக்கட்டி எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.