படித்துறைக்குக் கீழே எடுத்த பொன்

பஞ்சாபகேசன் 1943ஆம் ஆண்டு கரமனையில் பிறந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, 1998 ஆகஸ்டில் ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஓய்வு பெற்றார். என் தமக்கை லலிதாம்பாளை 1972இல் மணந்து எனக்கு அத்திம்பேர் ஆனார். ஒரே மகள் விஷ்ணுப்ரியா, பிறப்பு 1976. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, புகையிலை கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் இறங்கிப் பொன் அரிப்பது ஒன்றுதான் அவருடைய பொழுதுபோக்கு.

நிலம்பூருக்கு மாற்றலாகி 1989 முதல் இரண்டு வருஷம் இருந்தபோது, அங்கே ஆற்று மணலை அரித்துப் பொன் எடுப்பவர்களைப் பார்த்துத் தொழிலைக் கற்றார். திரும்பி வரும்போது குழிவான மரத்தட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். கரமனையாற்றில் மாசி தொடங்கி வைகாசி வரை நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாறை இடுக்கிலிருந்து மணலை அள்ளித் தட்டிலிட்டு, நீரில் அமிழ்த்திச் சுழற்றுவார். வெள்ளை மணல் நீரோடு போகும். கனத்த கருமணல் அடியில் தங்கும். அதில் மஞ்சளாக ஏதேனும் தெரிந்தால் ஈர விரலால் ஒற்றி, ஹோமியோபதி மருந்துக் குப்பியில் இடவேண்டும். முதல் நான்கு கோடைகளில் குப்பியில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

படித்துறையருகே வெற்றிலைக்கடை வைத்திருந்த வேல்சாமி அவரை விடமாட்டான். "என்ன சாமீ, இன்னைக்காவது கிட்டிச்சா? எனக்கொரு அரைஞாண் அடிச்சுத் தரணும், மறந்துராதீங்க."

"உன் இடுப்புக்கு இந்த ஆறு முழுக்க அரிச்சாலும் காணாதுடா" என்பார் அத்திம்பேர்.

1996 கோடையில் இடத்தை மாற்றினார். படித்துறைக்குக் கீழே, ஆறு வளையுமிடத்தில் மணல் திட்டு ஒன்று உண்டு. அங்கே இறங்கிய மூன்றாம் முறை, கடுகளவில் இரண்டு மணிகள் கிடைத்தன. குப்பியைத் தெருவெல்லாம் காட்டினார். நானும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தேன். அன்றுமுதல் கிடைத்த நாளையும் அளவையும் ஒரு சிறிய நாட்குறிப்பில் எழுதிவந்தார். இந்த ஒழுங்கை நானே பலரிடம் பாராட்டியிருக்கிறேன்.

2001 வைகாசியில் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் வழக்கத்தில் பிள்ளை வீட்டார் ஒரு திருமாங்கல்யமும் பெண் வீட்டார் ஒன்றும் செய்வார்கள். இரண்டும் ஒரே சரட்டில் ஏறும். பெண் வீட்டு மாங்கல்யத்தை ஆற்றுப் பொன்னில் செய்வதென்று அத்திம்பேர் தீர்மானித்திருந்தார். இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்திருந்தது.

"கடைப் பொன்னை எவன் வேணுமானாலும் வாங்கலாம். இது நான் கையால அரிச்சதாக்கும்" என்றார். விஷ்ணுப்ரியாவுக்கும் அதில் பெருமை. தன் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் சாலைக் கடைத்தெருவுக்கு நாங்கள் இருவரும் போனோம். பகவதிப்பெருமாள் ஆசாரி எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருஷமாக நகை செய்பவர். குப்பியைக் காகிதத்தில் கவிழ்த்து, கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சாமீ, இது ஆத்துப் பொன்னு அல்ல."

"ஆத்துலேர்ந்து எடுத்ததை ஆத்துப் பொன்னு இல்லேன்னா எப்படி ஓய்?"

"ஆத்துப் பொன்னு தவிடு மாதிரி தட்டையா கிடக்கும். இது உருண்டு கிடக்கு. தீயில உருகின பொன்னு. செம்பும் சேந்திருக்கு. இது ஏதோ ஒரு தட்டான் பட்டறையில பண்ணின உருப்படி."

"வெய்யில்ல உருகியிருக்கும்" என்று அத்திம்பேர் சிரித்தார்.

ஆசாரி சிரிக்கவில்லை. "எந்த எடத்துல எடுத்தீங்க?"

அத்திம்பேர் இடத்தைச் சொன்னார். ஆசாரி காகிதத்தின் நான்கு மூலைகளையும் மடித்து, விரல் நுனியால் எங்கள் பக்கம் தள்ளினார். எழுந்து உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "வேற ஆளைப் பாத்துக்கிடுங்க, சாமீ" என்றார்.

இறந்தவரின் வாய், மூக்கு, கண், காது என ஏழு வாசல்களிலும் பொன் துணுக்கு வைத்தே சிதையில் ஏற்றுவது எங்கள் சம்ஸ்காரம். மறுநாள் எலும்பும் சாம்பலும் பொறுக்கி, அந்தப் படித்துறையில்தான் கரைக்கிறோம். அந்தத் துணுக்குகள் என்னவாகின்றன என்று எங்களில் எவரும் யோசித்ததில்லை. ஆற்றுக்குப் போனதைத் திரும்பி நினைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

வழியெல்லாம் அவருக்காக வருந்திக்கொண்டு வந்தேன். அறியாமல் செய்த பிழை என்றே எண்ணினேன். அதை நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் அவருடைய நாட்குறிப்பைக் கேட்டு வாங்கி, என்னிடமுள்ள திதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். சிரார்த்தம் தவறாதிருக்கச் சுற்றத்தாரின் மரண நாட்களையெல்லாம் நான் அதில் எழுதிவைப்பது வழக்கம்.

நாட்குறிப்பில் பதினான்கு பதிவுகள். ஒன்பது, எங்கள் சுற்றத்தில் யாரேனும் காலமான மூன்றாம் நாள். ஞாயிற்றுக்கிழமைக்காரர் செவ்வாயன்றும் புதனன்றும் ஆற்றில் இறங்கியிருக்கிறார்.

என் தந்தை 1998 மார்ச் மூன்றாம் தேதி காலமானார். துணுக்குகளை என் கையால் வைத்தேன். நான்காம் தேதி சாம்பல் குடத்தை நான் கவிழ்த்தபோது, வழுக்கிவிடாதபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் அத்திம்பேர். ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, அவருடைய பதிவு: "மேற்படி இடம். கடுகளவு நான்கு. நல்ல நாள்."

முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டுத்தான் அவரெதிரே வர முடிந்தது.

"தெரிஞ்சுதான் எடுத்தேளா?"

அவர் முகத்தில் வெட்கம் இல்லை. இன்றுவரை நான் ஜீரணிக்க முடியாதது அதுதான். "அக்னி பட்டா எல்லாம் சுத்தம். ஆத்துல விட்டது ஆத்தோடது. நான் யார் மடியிலேர்ந்தாவது உருவினேனா, சொல்லு?"

"அப்பா வாயிலேர்ந்து உருவியிருக்கேள்."

கூடத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த விஷ்ணுப்ரியா எழுந்து வந்தாள். விரலெல்லாம் மஞ்சள். "மாமா, தாத்தாவுக்கு வெச்சதா? அதையா என் கழுத்துல கட்டப்போறா?"

அவள் தகப்பனார் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அத்தனையும் ஆத்துல கொண்டுபோய்ப் போடணும். இனி அந்தத் தட்டைத் தொடப்படாது. சம்மதம்னா உங்க மடியில உக்காந்து தாலி கட்டிக்கறேன். இல்லேன்னா மாமா மடியில."

தகப்பன் மடியில் அமர்த்தித்தான் எங்கள் பெண்களுக்குத் தாலி ஏறும். அவர் உயிரோடு முகூர்த்தப் பந்தலில் நிற்க, பெண் மாமன் மடியில் அமர்ந்தாளென்றால் ஊர் என்ன கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். நான் படித்துறையின் மேல்படியில் நின்றேன். குனிந்து நீரின் மேல் கையை விரித்தார். எதுவும் மின்னியதாக எனக்கு நினைவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

பெண் வீட்டு மாங்கல்யம் கடையில் வாங்கப்பட்டது. அவள் அவர் மடியில் அமர்ந்தாள். பந்தலில் அவர் கண்ணீர் விட்டதைப் பார்த்துப் பிள்ளை வீட்டார் நெகிழ்ந்தார்கள்.

2003 ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்குக் கரமனை வந்தாள். ஆண் குழந்தை. பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம் முடிந்ததும், அத்திம்பேர் குழந்தையின் விரலில் ஒரு சின்ன மோதிரத்தை மாட்டினார்.

"ஏதுப்பா இது?"

"மோதிரம். கொள்ளுத் தாத்தா ஆசீர்வாதம்னு வெச்சுக்கோயேன்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

"ஆத்துல போட்டேளே?"

அவர் வேஷ்டி முனையைச் சரிசெய்தார். அடுக்களை வாசலில் நின்ற என் தமக்கை, "நல்ல நாளும் அதுவுமா அதையெல்லாம் கேக்காதேடி" என்றாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. கல்யாணத்தன்றே தெரிந்திருந்தது.

விஷ்ணுப்ரியா விளக்கெண்ணெய் தொட்டு மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். குழந்தையின் கையை மூன்று முறை கழுவினாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, ஆட்டோ கூப்பிடுங்கோ" என்றாள். பதினோரு நாள் பிள்ளையோடு அவளை நான்தான் பூஜப்புரையில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மோதிரத்தை அவர் அன்று சாயங்காலமே எடுத்துக் குப்பியில் போட்டுவிட்டார். கோடை தோறும் ஆற்றில் இறங்குவது நிற்கவில்லை. பூஜப்புரைக்கும் கரமனைக்கும் நடுவே பஸ்ஸில் பதினைந்து நிமிஷம். இதை எழுதுவது 2009 ஐப்பசி. அவள் அந்த வீட்டுப் படியேறாமல் ஆறு ஆண்டுகள்.